டெலிபோட்டோ ஜூம் லென்ஸ்: வாங்குவதில் தொடங்கி கூர்மையான படம் எடுப்பது வரை

தூரத்தில் உள்ளதை அருகில் காட்டும் தொழில்முறை டெலிபோட்டோ ஜூம் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது 70-200 மி.மீ. எஃப்/2.8. அது சரியான நினைப்புதான். மி.மீ. எண் குவியத்தூரம், அது கூடக் கூட தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். செய்திப் படங்கள், திருமணம், மேடை, உள்ளரங்க விளையாட்டு என்று பல வேலைகளை இந்த ஒரே வகை லென்ஸ் பல ஆண்டுகளாகச் சுமந்துவருகிறது. ஆனால் இதே பெயரில் 100-400, 100-500, 200-600 என்று வேறு குடும்பங்களும் இருக்கின்றன. எடை, வெளிச்சம், எட்டும் தூரம் மூன்றிலும் இவை ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடும். எதை வாங்குவது என்று முடிவெடுத்த பிறகும் பாதி வேலை மீதமிருக்கும். நீண்ட லென்ஸில் படம் மங்கினால் பழி பெரும்பாலும் லென்ஸின் மேல் விழும். உண்மைக் காரணம் ஷட்டர் வேகம், பிடிக்கும் விதம், நடுவில் இருக்கும் காற்று ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அதனால் தேர்வு, பயன்பாடு இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

முதல் படி: எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் பழைய படங்களைத் திறந்து பாருங்கள். எந்தப் படங்களை அதிகமாக வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறீர்கள்? எந்த இடங்களில் உங்களால் முன்னால் நகர முடியாமல் போனது? இந்த இரண்டு கேள்விகளுக்கான விடை, எந்த விளம்பரத்தையும்விடத் தெளிவாக உங்களுக்குத் தேவையான குவியத்தூரத்தைச் சொல்லிவிடும்.

கணக்கு எளிது. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். சென்சார் அளவைக் குவியத்தூரத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால் ஃபிரேமில் அடங்கும் பரப்பு கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸில் 10 மீட்டர் தள்ளி இருப்பவரை எடுத்தால் ஃபிரேம் 1.8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரத்தைப் பிடிக்கும். மேடைப் பேச்சாளரின் இடுப்புக்கு மேலான படத்துக்கு இது பொருத்தம். அதே லென்ஸில் 30 மீட்டர் தூரத்து ஆட்டக்காரர் 5.4 மீட்டர் அகல ஃபிரேமுக்குள் சின்னதாக நிற்பார். அங்கே 400 மி.மீ. வேண்டும்.

பறவைக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாராக இருக்கும். 20 செ.மீ. நீளமுள்ள பறவை 30 மீட்டர் தள்ளி இருந்தால், 600 மி.மீ. லென்ஸிலும் அது ஃபிரேம் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். 15 மீட்டருக்கு நெருங்கினால் இரு மடங்காகும். பறவைகளை எடுக்க நினைப்பவர் நீண்ட லென்ஸோடு, பொறுமையாகக் காத்திருந்து நெருங்கவும் பழகியே ஆகவேண்டும். லென்ஸ் மட்டும் அந்த இடைவெளியை நிரப்பாது.

ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 1.5 மடங்கு, கேனனில் 1.6 மடங்கு, பார்வைக் கோணம் குறுகும். அதில் 70-200 லென்ஸ் ஏறத்தாழ 105-300 போலக் காட்டும். மைதான ஓரத்தில் நிற்க இது நல்லது. சின்ன அறைக்குள் 70-ஏ அதிக நெருக்கமாகிவிடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பின்னணியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட லென்ஸ் பின்னணியை இழுத்து அருகில் கொண்டுவருகிறது என்பார்கள். உண்மையில் அது நாம் நிற்கும் தூரத்தால் நடப்பது. ஒருவரை 70 மி.மீ.யில் 2 மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறீர்கள். பிறகு அவர் அதே அளவில் தெரியும்படி 200 மி.மீ.யில் 5.7 மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போய் எடுக்கிறீர்கள். அவருக்குப் பின்னால் 10 மீட்டரில் இருக்கும் மரம் இரண்டாவது படத்தில் இரு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். பின்னணியில் ஒரு மரம் மட்டும் வேண்டுமா, தோப்பே வேண்டுமா என்பதை நீங்கள் நடந்துபோய் முடிவு செய்யலாம். ஜூம் வளையத்தைத் திருப்புவதற்கு முன் கால்களை நகர்த்துங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் படி: வெளிச்சமா, எடையா

எஃப்/2.8-லிருந்து எஃப்/4-க்குப் போனால் வெளிச்சம் பாதி, இதை ஒரு ஸ்டாப் என்பார்கள். எஃப்/5.6-க்குப் போனால் கால் பங்கு. உள்ளரங்கில் எஃப்/2.8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600, ஷட்டர் வேகம் 1/500 விநாடி என்று எடுத்த படத்தை எஃப்/5.6-ல் அதே வேகத்தில் எடுக்க ஐஎஸ்ஓ 6400 வேண்டும். மேடை, உள்ளரங்க விளையாட்டு, மாலைக்குப் பிறகான நிகழ்ச்சிகள் உங்கள் வேலை என்றால் எஃப்/2.8-ஐத் தவிர்க்க முடியாது. பகல் வெளிச்சத்தில் இயற்கை, பயணம், வெளிப்புற விளையாட்டு என்றால் அந்த ஸ்டாப்புக்காகக் கொடுக்கும் எடை வீண் என்பதே என் கருத்து.

எடை சின்ன விஷயம் இல்லை. 200 மி.மீ.யில் எஃப்/2.8 கிடைக்க ஒளி நுழையும் வாய் குறைந்தது 71 மி.மீ. விட்டம் இருக்கவேண்டும். இந்த லென்ஸ்களில் 77 மி.மீ. ஃபில்டர் பொதுவாக இருப்பதற்கு இதுவே காரணம். கண்ணாடி பெரிதாகும்போது எடையும் ஏறுகிறது. இருந்தாலும் புதிய தலைமுறைகள் நிறையவே இளைத்திருக்கின்றன. சோனியின் முதல் 70-200 எஃப்/2.8 ஜிஎம், 2016-ல் வந்தது, 1480 கிராம். 2021-ல் வந்த இரண்டாம் பதிப்பு 1045 கிராம். அதே நிறுவனத்தின் 70-200 எஃப்/4, 2023-ன் இரண்டாம் பதிப்பு, 794 கிராம்தான். அது பாதி அளவு மேக்ரோ வரை, அதாவது பொருள் சென்சாரில் தன் பாதி அளவில் பதியும் வரை, நெருங்கவும் செய்யும். கேனனின் ஆர்எஃப் 70-200 எஃப்/4 இன்னும் லேசு, 695 கிராம். மறுமுனையில் சோனி 200-600 எஃப்/5.6-6.3 இரண்டு கிலோவைத் தாண்டும்.

பையிலேயே கிடக்கும் எஃப்/2.8-ஐவிட நாள் முழுக்கக் கையில் இருக்கும் எஃப்/4 அதிகப் படங்கள் தரும். முடிந்தால் வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் வழக்கமான வேலையில் முழு நாளும் சுமந்து பாருங்கள். மாலையில் தோள் சொல்லும் பதிலுக்கு மதிப்பு கொடுங்கள்.

எனக்கென்று கேட்டால், முதல் தொழில்முறை டெலிபோட்டோவாக 70-200-ஐத்தான் சொல்வேன். வெளிச்சம் குறைந்த வேலையாக இருந்தால் எஃப்/2.8, மற்றபடி எஃப்/4. பறவைகளும் காட்டு விலங்குகளும் மட்டுமே குறி என்று தெளிவாக இருப்பவர்கள் நேராக 100-500 அல்லது 200-600 வகைக்குப் போகலாம்.

மூன்றாம் படி: விவரப் பட்டியலில் எதைத் தேடுவது

ஜூம் செய்யும்போது நீளம் மாறாத லென்ஸா, குழல் வெளியே நீளும் லென்ஸா என்று முதலில் பாருங்கள். நீளம் மாறாத வகையில் எடையின் மையம் அதிகம் நகராது, மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கியில்) வசதி. நீளும் வகை பைக்குள் சின்னதாக அடங்கும். கேனனின் ஆர்எஃப் 70-200 எஃப்/2.8, 2019-ல் நீளும் வகையாக வந்தது. அதில் டெலிகன்வெர்ட்டர், அதாவது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிக் குவியத்தூரத்தைக் கூட்டும் துணை லென்ஸ், போட முடியாது. 2024-ல் நீளம் மாறாத இன்னொரு பதிப்பை அதே நிறுவனம் கொண்டுவந்தது, அதில் போடலாம். ஆர்எஃப் 100-500-ல் கன்வெர்ட்டரை 300-500 மி.மீ. வீச்சில் மட்டுமே பயன்படுத்த முடியும். இந்தச் சின்ன எழுத்து விவரங்களைப் படிக்காமல் வாங்கிவிட்டு வருந்தாதீர்கள்.

டெலிகன்வெர்ட்டர் இலவசமாக எதையும் தருவதில்லை. 1.4 மடங்கு என்றால் ஒரு ஸ்டாப், 2 மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப் இழப்பு. 70-200 எஃப்/2.8-ல் 1.4 போட்டால் 280 மி.மீ. எஃப்/4 கிடைக்கும். இது நல்ல லென்ஸில் தயங்காமல் பயன்படுத்தக்கூடிய கூட்டணி. 2 மடங்கு போட்டால் 400 எஃப்/5.6. கூர்மையும் ஃபோகஸ் வேகமும் குறைவது தெரியும். எப்போதாவது தேவைப்பட்டால் சரி. தினமும் 400 வேண்டுமென்றால் 100-400 வகை லென்ஸே முறையான வழி.

அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. சில ஜூம் லென்ஸ்களில் அருகில் ஃபோகஸ் செய்யும்போது உண்மையான குவியத்தூரம் சுருங்கிவிடும். நிக்கானின் 2009-ம் ஆண்டு 70-200 எஃப்/2.8 இதற்குப் பேர்போனது. மிக அருகில் 200 என்ற குறியில் வைத்தாலும் அது 130-ஐ ஒட்டிய பார்வையைத்தான் தந்தது. 2016 பதிப்பில் இந்தக் குறை பெருமளவு நீங்கியது. முகப்படங்களை நெருங்கி எடுப்பவர்களுக்கு இது முக்கியம். மைதானத்தில் நிற்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

லென்ஸைத் தாங்கியில் மாட்ட உதவும் டிரைபாட் வளையம், தூசியும் தூறலும் புகாத ரப்பர் காப்பு, ஃபோகஸ் வீச்சைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச், குழலில் விரலுக்கு எட்டும் பொத்தான்கள் ஆகியவை இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

நான்காம் படி: கைக்கு வந்ததும் சோதிக்க வேண்டியவை

புதியதோ பழையதோ, திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். டிரைபாடில் வைத்து, கைநடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரை அணைத்து, இரண்டு விநாடி டைமரில், அபெர்ச்சரை (ஒளி நுழையும் வாயை) முழுதாகத் திறந்து, தொலைவில் உள்ள தட்டையான சுவர் ஒன்றைச் சுவருக்கு நேராக நின்று எடுங்கள். 70, 135, 200 மூன்றிலும் எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது அந்த வடிவமைப்பின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட மோசமாக இருந்தால் உள்ளே ஏதோ கண்ணாடி மையம் விலகியிருக்கலாம். கேமராவை லென்ஸோடு தலைகீழாகத் திருப்பி மாட்டி மறுபடி எடுத்துப் பாருங்கள். குறை ஃபிரேமின் அதே மூலையில் தொடர்ந்தால் லென்ஸை மாற்றிக் கேளுங்கள்.

அப்புறம் ஒருவரை உங்களை நோக்கி நடந்துவரச் சொல்லி, பொருள் நகர நகரப் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் தொடர்ந்து சுடுங்கள். அசையாத பொருளில் எல்லா லென்ஸும் நன்றாகவே ஃபோகஸ் செய்யும். நடந்து வருபவரிடம்தான் மோட்டாரின் தரம் தெரியும். கண்ணாடி மடங்கும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவாக இருந்தால் ஃபோகஸ் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ விழுகிறதா என்று பார்த்து, கேமரா அமைப்பில் திருத்திக்கொள்ளலாம். மிரர்லெஸ் கேமராக்கள் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் அந்த வேலை பெரும்பாலும் இல்லை.

பயன்படுத்திய லென்ஸ் வாங்கும்போது ஒரு சின்ன டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நூல் பின்னியதுபோலத் தெரிந்தால் பூஞ்சை. பால் படிந்ததுபோல இருந்தால் உள்கண்ணாடியில் மூட்டம். இரண்டில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு தூசித் துகள்களுக்காக நல்ல லென்ஸை ஒதுக்க வேண்டாம், அவை படத்தில் தெரியாது. ஜூம் வளையம் ஒரே சீராகச் சுழல வேண்டும். ஸ்டெபிலைசரை இயக்கினால் மெல்லிய முனகல் இயல்பு, கடகடவென்ற சத்தம் இயல்பல்ல.

ஐந்தாம் படி: கேமராவைத் தயார்செய்தல்

கூர்மை இல்லாத படங்களில் பெரும்பகுதிக்கு மருந்து ஷட்டர் வேகத்தில்தான் இருக்கிறது. கையில் பிடித்து எடுக்கும்போது குவியத்தூரத்தின் தலைகீழ் எண், அதாவது 200 மி.மீ.க்கு 1/200, என்பது பழைய விதி. 45 மெகாபிக்சல் போன்ற சென்சாரில் நெருங்கிப் பார்ப்பீர்கள் என்றால் அதை இரட்டிப்பாக்கி 1/400 என்று வையுங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் இதைவிடக் குறைந்த வேகத்திலும் அசையாப் பொருள் கூர்மையாக வரும். ஆனால் ஸ்டெபிலைசர் உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும். எதிரில் இருப்பவர் கையசைத்தால் அதற்கு அது உதவாது. பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/250, நடனத்துக்கு 1/500, ஓட்டத்துக்கும் பந்தாட்டத்துக்கும் 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000-க்கு மேல் என்று தொடங்குங்கள். பிறகு படத்தைப் பார்த்து ஏற்றி இறக்கலாம்.

நான் பரிந்துரைப்பது மேனுவல் முறையும் தானியங்கி ஐஎஸ்ஓவும் சேர்ந்த அமைப்பு. ஷட்டரையும் அபெர்ச்சரையும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேமரா ஐஎஸ்ஓவால் சமாளிக்கட்டும். ஐஎஸ்ஓ உயர்ந்து படத்தில் புள்ளிகள் வந்தால் பின்னர் குறைத்துக்கொள்ள வழி உண்டு. அசைவால் மங்கிய படத்தைச் சரிசெய்வது மிகக் கடினம்.

ஃபோகஸைத் தொடர் முறையில் வைத்து, அதை இயக்கும் வேலையைக் கேமராவின் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றுங்கள். பழக ஒரு வாரம் ஆகலாம். பழகிவிட்டால் ஷட்டர் பொத்தான் படம் எடுக்க மட்டுமே என்றாகிவிடும். கட்டைவிரலை எடுத்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். குறுக்கே யாராவது போனால் விரலைத் தூக்கினால் போதும்.

ஃபோகஸ் வீச்சு சுவிட்சைப் பலர் தொடுவதே இல்லை. மைதானத்திலோ திறந்த வெளியிலோ இருந்தால் அருகில் உள்ள பகுதியை அது நீக்கிவிடும். லென்ஸ் தவறி அருகிலிருந்து முடிவிலி வரை அலைந்து திரும்பும் நேரம் மிச்சமாகும். ஸ்டெபிலைசரில் முதல் முறை பொதுவான படங்களுக்கு. இரண்டாம் முறை பக்கவாட்டில் போகும் பொருளைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும்போது. சில லென்ஸ்களில் உள்ள மூன்றாம் முறை படம் பதியும் கணத்தில் மட்டும் இயங்கும், தாறுமாறாக ஓடும் ஆட்டங்களுக்கு அது நல்லது. டிரைபாடில் வைத்தால் பழைய லென்ஸ்களில் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள்.

ஷட்டர் வகை பற்றியும் சொல்லவேண்டும். முழு மெக்கானிக்கல் ஷட்டரின் அதிர்வு 1/60 முதல் 1/200 வரையான வேகங்களில் நீண்ட லென்ஸில் தெரியக்கூடும். படப்பதிவின் தொடக்கத்தை மட்டும் மின்னணு முறையில் செய்யும் எலக்ட்ரானிக் முதல் திரை அதைத் தவிர்க்கும். அதே முதல் திரை, 1/2000 போன்ற வேகத்தில் எஃப்/2.8-ல் எடுத்தால் பின்னணி ஒளிவட்டங்களை வெட்டிக் காட்டும், அங்கே முழு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். முழு எலக்ட்ரானிக் ஷட்டரில் எல்இடி விளக்குகள் வரி வரியாகப் பதியலாம்.

ஆறாம் படி: பிடிப்பது

இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், எடை சமமாகும் இடத்தில் இருக்கட்டும். டிரைபாட் வளையத்தின் காலை உள்ளங்கையில் தாங்கினால் இன்னும் வசதி. முழங்கைகள் விலாவோடு ஒட்டட்டும். வியூஃபைண்டரைப் புருவத்தோடு அழுத்தினால் அது மூன்றாவது தாங்கல். பொத்தானைக் குத்தாமல் விரலை உருட்டி அழுத்துங்கள். மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுத்தால் அழுத்திய அதிர்வு அடங்கிய நடுப் படங்கள் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும்.

இரண்டு கிலோ லென்ஸை மணிக்கணக்கில் தூக்கத் தேவையில்லை. விளையாட்டுக்கு மோனோபாட். காத்திருந்து எடுக்கும் பறவைப் படங்களுக்கு டிரைபாடும், கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கித் திருப்ப உதவும் கிம்பல் தலையும். எப்போதும் லென்ஸின் வளையத்தைத்தான் தாங்கியில் மாட்ட வேண்டும். தூக்கும்போதும் லென்ஸைப் பிடித்தே தூக்குங்கள். கேமராவை மட்டும் பிடித்தால் முழு எடையும் இணைப்பு வளையத்தில் தொங்கும்.

ஏழாம் படி: களத்தில்

முகப்படம். 200 மி.மீ. எஃப்/2.8-ல் 3 மீட்டர் தூரத்தில் கூர்மையாக வரும் ஆழம் ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. ஒரு கண் கூர்மையாக இருக்கும்போது மறுகண் நழுவிவிடும். இருவர் சேர்ந்து நின்றால் எஃப்/4 அல்லது எஃப்/5.6-க்கு மூடுங்கள். பின்னணி தூரத்தில் இருந்தால் அப்போதும் அழகாகக் கரைந்தே இருக்கும்.

மேடை. கருப்புப் பின்னணி கேமராவை ஏமாற்றி முகத்தை வெளுக்கவைக்கும். ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள். நடனத்தில் உடல் உச்சத்தில் ஒரு கணம் நிற்கும். தாளத்தைக் காதால் பின்தொடர்ந்தால் அந்தக் கணம் முன்கூட்டியே தெரியும். இசையைக் கவனிக்காமல் விரலை அழுத்திக்கொண்டே இருப்பவருக்குக் கிடைப்பது நிறைய படங்கள், நல்ல படங்கள் குறைவு.

விளையாட்டில் நிற்கும் இடத்தைப் பின்னணியைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். விளம்பரப் பலகைகள் விலகி, கூட்டமோ நிழலோ பின்னால் இருக்கும் கோணம் கிடைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். மண்டியிட்டு எடுத்தால் ஆட்டக்காரர் உயர்ந்து நிற்பார், பின்னணியும் தள்ளிப்போகும்.

பறக்கும் பறவைதான் உண்மையில் கடினம். 600 மி.மீ.யின் பார்வைக் கோணம் ஏறத்தாழ 4 டிகிரி. அதற்குள் பறவையைக் கண்டுபிடிப்பதே முதல் சவால். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் கேமராவை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜூமைக் குறைத்து வைத்துக் கண்டுபிடித்து, பிறகு நீட்டுங்கள். அதற்கும் முன்னால், பறவை வரப்போகும் தூரத்தில் இருக்கும் ஒரு மரத்திலோ பாறையிலோ ஃபோகஸ் செய்து வைத்துவிடுங்கள். ஃபோகஸ் வெகுவாக விலகியிருந்தால் வியூஃபைண்டரில் பறவையே தெரியாது, கேமராவாலும் அதைப் பிடிக்க முடியாது. வெட்டவெளி வானத்தில் பரந்த ஃபோகஸ் பகுதியும் பறவைக் கண் கண்டறிதலும் போதும். கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள்.

கானல் காற்று

வெயில் ஏறிய பிறகு நிலத்திலிருந்து எழும் சூடான காற்று ஒளியை அங்குமிங்கும் வளைக்கிறது. 100 மீட்டருக்கு அப்பால் உள்ள எதையும் அது கூழாக்கிவிடும். எந்த லென்ஸும் இதற்குத் தப்பாது. வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்து விளிம்புகள் நெளிந்தால் அன்றைய தொலைதூரப் படங்களை மறந்துவிட்டு அருகில் எதையாவது எடுங்கள், அல்லது காலை முதல் வெளிச்சத்தில் திரும்ப வாருங்கள். கார் ஜன்னலுக்கு வெளியே லென்ஸை நீட்டும்போதும் உள்ளிருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு இதையே செய்யும்.

மலிவான யூவி ஃபில்டர் நீண்ட குவியத்தூரத்தில் கூர்மையைத் தெளிவாகக் கெடுக்கும். பாதுகாப்புக்கு லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹூட் போதும், அதை எப்போதும் மாட்டியே வையுங்கள். உப்புக் காற்றிலும் மண் பறக்கும் இடத்திலும் மட்டும் நல்ல தரமான ஃபில்டர் போடலாம்.

பராமரிப்பு

குளிரூட்டிய அறையிலிருந்து ஈரமான வெளிக்காற்றுக்குப் போகும்போது லென்ஸை மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டு, வெளிவெப்பத்துக்கு வரவிடுங்கள். திடீரென்று திறந்தால் கண்ணாடியில் நீர் படியும். அந்த ஈரமே பூஞ்சைக்குத் தொடக்கம். வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, சின்ன உலர் பெட்டியே போதுமானது. கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் ஊதுகுழலால் தூசியை ஊதிவிடுங்கள், துகளோடு துடைத்தால் பூச்சில் கீறல் விழும். மழையில் நனைந்த நீளும் வகை லென்ஸை உள்ளே இழுப்பதற்கு முன் குழலைத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும்.